நாக்கின் அடியில் பெப்டைடு: கரைவது வேறு, ரத்தத்தில் சேர்வது வேறு

"ஊசி வேண்டாம், விழுங்கவும் வேண்டாம், நாக்குக்கு அடியில் ஒரு துண்டு வைத்தால் போதும்." எடை குறைப்பு மருந்துகளின் பெயரைச் சொல்லி இப்படிப்பட்ட விளம்பரங்கள் இணையத்தில் நிறையவே கண்ணில் படுகின்றன. தசை வளர, காயம் ஆற, தோல் பளபளக்க என்று வேறு பல பெப்டைடுகளையும் இதே வடிவத்தில், "ஸ்ட்ரிப்" என்ற பெயரில் விற்கிறார்கள். மருந்துக் கடையில் பத்து மாத்திரை அடங்கிய அட்டையையும் நாம் ஸ்ட்ரிப் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். இது அதுவல்ல. தபால்தலை அளவில், கண்ணாடித் தாளைப் போல மெலிந்த, எச்சில் பட்டதும் கரையும் ஒரு ஃபிலிம்.

இந்தத் திடீர் வரத்துக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில், நீரிழிவுக்கும் எடை குறைப்புக்கும் ஊசியாகத் தரப்படும் செமாக்ளூடைட், டிர்செபடைட் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு இருந்தவரை, மருந்தைத் தாங்களே கலந்து தயாரித்துக் கொடுக்கும் மருந்தகங்கள் அவற்றின் நகல்களைச் செய்ய இடம் இருந்தது. தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதாக டிர்செபடைட்டுக்கு 2024 டிசம்பரிலும் செமாக்ளூடைட்டுக்கு 2025 பிப்ரவரியிலும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. அச்சு அசலான நகலுக்கு வழி அடைபட்டதும், "இது நகல் இல்லை, வேறு வடிவம்" என்று சொல்லிக்கொள்ள வசதியான நாக்கடிச் சொட்டு, வில்லை, ஃபிலிம் ஆகியவற்றின் மவுசு கூடியது. இந்தியாவிலோ 2026 மார்ச்சில் செமாக்ளூடைட் மூலக்கூறின் காப்புரிமை முடிந்தது. மருந்தின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. கூடவே இந்த விளம்பரங்களும் வந்து சேர்கின்றன.

ஃபிலிம் கரையும், அதில் ஐயமில்லை. கரைந்த மருந்து அதன்பின் எங்கே போகிறது என்பதை விளம்பரம் சொல்வதில்லை. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## 1. பெப்டைடு என்பது எவ்வளவு பெரியது?

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலிதான் பெப்டைடு. சங்கிலி நீண்டு, மடிந்து, ஓர் உருவம் எடுத்தால் புரதம். எங்கே கோடு போடுவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு, எஃப்.டி.ஏ. 40 அமினோ அமிலங்கள் வரை பெப்டைடு என்று வைத்திருக்கிறது. நம் விஷயத்துக்கு இந்தப் பெயர்ப் பாகுபாடு முக்கியமில்லை. மூலக்கூறின் எடைதான் முக்கியம். அதை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன்.

- நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட், அதாவது ஐசோசார்பைடு டைநைட்ரேட்: 236 டால்டன்
- போதை மீட்புச் சிகிச்சையில் தரப்படும் பூப்ரனார்ஃபின்: 468
- சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின், 9 அமினோ அமிலங்கள்: 1,069
- காயம் ஆற்றும் என்று சொல்லி விற்கப்படும் பி.பி.சி-157, 15 அமினோ அமிலங்கள்: சுமார் 1,420
- செமாக்ளூடைட், 31 அமினோ அமிலங்களும் ஒரு கொழுப்பு வாலும்: 4,114
- டிர்செபடைட், 39 அமினோ அமிலங்கள்: சுமார் 4,810
- இன்சுலின், 51 அமினோ அமிலங்கள்: 5,808

முதல் இரண்டும் பெப்டைடுகள் அல்ல. நாக்கடியில் வேலை செய்கின்றன என்று நன்றாக நிரூபணமானவை என்பதால் ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருக்கிறேன். சார்பிட்ரேட்டைவிட செமாக்ளூடைட் 17 மடங்கு கனம். "சார்பிட்ரேட் நாக்கடியில் வேலை செய்கிறதே, இது ஏன் செய்யாது?" என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

## 2. விழுங்கினால் என்ன ஆகும்?

இரைப்பையைப் பொறுத்தவரை பெப்டைடு மருந்தும் வேகவைத்த முட்டையும் ஒன்றுதான். இரண்டுமே அமினோ அமிலச் சங்கிலிகள். அமிலமும், புரதத்தை வெட்டும் நொதியான பெப்சினும் வேலையைத் தொடங்கும்; மிச்சத்தைச் சிறுகுடலில் கணைய நொதிகள் துண்டாக்கும். தப்பிப் பிழைக்கும் கொஞ்சமும் குடல் சுவரைத் தாண்டுவது அரிது. தாண்டினால் அடுத்த நிறுத்தம் கல்லீரல்; அங்கேயும் ஒரு பகுதி போகும். இன்சுலினை மனிதருக்கு முதன்முதலில் டொரண்டோவில் 1922 ஜனவரியில் போட்டார்கள். நூறாண்டு கடந்தும் அது பெரும்பாலும் ஊசியாகவே இருப்பதற்கு ஆராய்ச்சியாளர்களின் சோம்பல் காரணமில்லை.

கொடுத்த மருந்தில் எவ்வளவு பங்கு உருமாறாமல் ரத்த ஓட்டத்தில் சேர்கிறது என்பதை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் அதை "சேரும் பங்கு" என்றே குறிப்பிடுகிறேன். நரம்பில் ஏற்றினால் சேரும் பங்கு 100 சதவீதம். தோலுக்கடியில் போடும் செமாக்ளூடைட்டுக்கு 89 சதவீதம். இனி வரும் எல்லா வாதமும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

## 3. நாக்கடியின் கவர்ச்சி

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நீல நரம்புகள் தெரியும். அங்குள்ள சளிச்சவ்வு மெல்லியது. 100 முதல் 200 மைக்ரான் அளவுதான் தடிமன். கன்னத்தின் உட்புறச் சவ்வு அதைப்போல நாலைந்து மடங்கு. நாக்கடியில் ரத்தத்துக்குள் போகும் மருந்து கழுத்து நரம்பு வழியாக நேரே இதயத்துக்கு வரும். வயிறும் இல்லை, கல்லீரலின் முதல் சுற்றும் இல்லை. நெஞ்சு வலிக்காரருக்குச் சார்பிட்ரேட்டை விழுங்கத் தராமல் நாக்கடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். சில நிமிடங்களில் வலி தணியத் தொடங்கும்.

ஆனால் சவ்வு மெல்லியது என்பதால் அது திறந்த வாசல் ஆகிவிடாது. கீற்று வேய்ந்த கூரையைப் போலத் தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு கிடக்கும். இடுக்குகளைக் கொழுப்பு அடைத்திருக்கும். வாயில் வந்து விழும் கிருமி, நச்சு எல்லாவற்றையும் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு அந்த இடுக்கு வழியாக நழுவிவிடும். பெரிய, தண்ணீரை விரும்பும், மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு வெளியிலேயே நிற்கும். பெப்டைடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ரகம்.

## 4. ஃபிலிமின் பங்கு எவ்வளவு?

தயாரிப்பு முறை கேட்பதற்கு எளிது. ஹெச்.பி.எம்.சி., புல்லுலன் போன்ற நீரில் கரையும் பாலிமர்களைக் கரைசலாக்கி, முறியாமல் வளைவதற்குக் கிளிசரின் சேர்த்து, மருந்தைக் கலந்து, மெல்லிய தகடாகப் பரப்பி, உலர்த்தி, வெட்டி, ஈரம் புகாத உறையில் ஒவ்வொன்றாக அடைப்பார்கள். உலர்த்தும் சூட்டில் பெப்டைடு சிதையாமல் இருக்க வேண்டும் என்பது தனிச் சிக்கல். இன்னொரு சிக்கல் இடம். இவ்வளவு மெல்லிய துண்டில் மருந்துக்குக் கிடைப்பது சில பத்து மில்லிகிராம் அளவே. போதை மீட்புக்கான சபாக்ஸோன் ஃபிலிமில் மிகப் பெரிய அளவே 12 மி.கி. பூப்ரனார்ஃபினும், நலாக்ஸோன் என்ற போதைமுறிப்பு மருந்து 3 மி.கி.யும்தான். இந்த இடப்பற்றாக்குறையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

வாயில் கரையும் எல்லா ஃபிலிமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. விளம்பரங்கள் குழப்புவது இங்கேதான்.

1. கரைந்து, எச்சிலோடு வயிற்றுக்குப் போகும் வகை. வாந்தி நிறுத்தும் ஒன்டான்செட்ரான் ஃபிலிம் அமெரிக்காவில் 2010இல் ஒப்புதல் பெற்றது. அதை நாக்கின் மேல் வைத்துக் கரையவிட்டு விழுங்குவார்கள். மருந்து குடலில்தான் சேர்கிறது. தண்ணீர் இல்லாமல் சாப்பிடலாம், வாந்தி வருபவருக்கு மாத்திரை விழுங்கும் பாடு இல்லை என்பதே இதன் லாபம்.

2. சவ்வின் வழியாகவே ரத்தத்துக்குப் போகும் வகை. சபாக்ஸோன் ஃபிலிம், அதுவும் 2010, இந்த வகை. இதற்கு நிபந்தனைகள் உண்டு: முன்னதாகத் தண்ணீர் குடித்து வாயை நனைத்துக்கொள்ள வேண்டும், நாக்கின் அடிவேர் அருகே ஒட்ட வேண்டும், மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது, கரையும்வரை பேசவும் கூடாது.

பெப்டைடு ஒன்றை முதல் வகை ஃபிலிமில் வைத்துக் கொடுத்தால், அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பாதுகாப்பு உறைகூட இல்லாமல் நேரே பெப்சினிடம் போய்ச் சேரும்.

வைட்டமின் பி12 இந்தக் குழப்பத்துக்குப் பழைய உதாரணம். அது பெப்டைடு அல்ல, ஆனால் 1,355 டால்டன் எடையுள்ளது. நாக்கடி பி12 எடுத்தவர்களுக்கு ரத்த அளவு ஏறுவது உண்மை. விழுங்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதிக அளவில் கொடுத்தால் விழுங்கியதில் ஒரு சிறு பங்கு குடல் வழியாகச் சேர்கிறது, அதுவே போதுமானதாகிவிடுகிறது. நாக்கடி வேலை செய்தது என்று நினைத்துக்கொள்வது எளிது.

## 5. ஒரே ஃபிலிமில் இரண்டு மருந்து, இரண்டு கதி

சபாக்ஸோனில் சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள இரண்டு மருந்துகளும் ஒரே துண்டில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கரைகின்றன. பூப்ரனார்ஃபினில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது. நலாக்ஸோன் 10 சதவீதத்துக்கும் கீழே. இத்தனைக்கும் நலாக்ஸோன்தான் சிறியது, 327 டால்டன். பூப்ரனார்ஃபின் கொழுப்பில் நன்றாகக் கரையும், அது கடந்துவிடுகிறது. நலாக்ஸோன் அப்படியில்லை.

இது தற்செயலாக அமைந்தது இல்லை, திட்டமிட்டுச் செய்தது. ஃபிலிமை முறையாக வாயில் வைத்தால் நலாக்ஸோன் பெரிதாக ஒன்றும் செய்யாது. யாராவது அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் முழு நலாக்ஸோனும் உள்ளே போய்ப் போதையை முறித்துவிடும். ஒரு மருந்து நாக்கடியில் சேராது என்பதையே பாதுகாப்பு ஏற்பாடாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஃபிலிம் வெறும் வண்டி. சவ்வைத் தாண்டுவதா வேண்டாமா என்பதை மூலக்கூறின் குணம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 327 டால்டன் மருந்துக்கே இந்த நிலை என்றால், 4,114 டால்டனுக்கு?

## 6. வாய்க்குள் நடக்கும் போட்டி

பெப்டைடு சவ்வைத் தாண்ட முயலும் அதே நேரத்தில் அதற்கு எதிராக வேறு சிலவும் நடக்கின்றன.

1. எச்சில். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரக்கிறது. வாயில் எதையாவது வைத்தால் இன்னும் கூடும். சவ்வைத் தாண்ட நேரம் பிடிக்கும் மருந்து அதற்குள் தொண்டைக்குள் இறங்கிவிடும்.
2. பரப்பு. நாக்கடியில் கிடைப்பது சில பத்துச் சதுர சென்டிமீட்டர்தான். சிறுகுடலின் பரப்போடு ஒப்பிடவே முடியாது.
3. நொதிகள். வயிற்றளவுக்கு இல்லாவிட்டாலும் சவ்வின் செல்களிலேயே பெப்டைடை வெட்டும் நொதிகள் உண்டு.
4. ஆளுக்கு ஆள் மாற்றம். வாய்ப்புண் இருந்தால் ஒரு மாதிரி, உலர்ந்த வாய்க்கு ஒரு மாதிரி. பாக்கு மெல்லும் பழக்கத்தால் உட்சவ்வு இறுகித் தடித்துப்போனவர்களை நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த வாயும் சாதாரண வாயும் மருந்தை ஒரே அளவில் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதில் நான்காவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. குறைவாகச் சேர்ந்தால் அளவைக் கூட்டி ஈடுகட்டலாம். இன்று அரை மடங்கு, நாளை இரண்டு மடங்கு என்று சேரும் மருந்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது?

## 7. உண்மையில் வென்ற பெப்டைடு

டெஸ்மோப்ரெசின் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து. சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நீரிழிவு இன்சிபிடஸ் என்ற நோய்க்கும் (இது சர்க்கரை நோய் அல்ல), படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்கும் தருவார்கள். அதன் நாக்கடி வடிவம் பல நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. அது ஃபிலிம் அல்ல. உறையவைத்து உலர்த்திய, வைத்ததும் கரையும் வில்லை. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்களுக்கான நாக்கடி மாத்திரைக்கு எஃப்.டி.ஏ. 2018இல் ஒப்புதல் கொடுத்தது. அதில் பெண்களுக்கான அளவு 27.7 மைக்ரோகிராம், ஆண்களுக்கு 55.3.

நாக்கடி பெப்டைடு சாத்தியமே என்று வாதிடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் எண்ணையும் கூடவே பார்க்க வேண்டும். அந்த வில்லையின் சேரும் பங்கு சுமார் 0.25 சதவீதம். 240 மைக்ரோகிராம் வில்லை வைத்தால் ரத்தத்தில் சேர்வது 0.6 மைக்ரோகிராம். நானூறில் ஒரு பங்கு உள்ளே, 399 பங்கு வீண்.

அப்படியிருந்தும் மருந்து வேலை செய்வதற்கு மூன்று காரணங்கள்:

1. அது மிகச் சிறிய பெப்டைடு, 9 அமினோ அமிலங்கள். நொதிகளால் எளிதில் வெட்ட முடியாதபடி அதன் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள்.
2. ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே போதுமான அளவுக்கு வீரியம் கொண்டது. எனவே 400 மடங்கு வைத்தாலும் ஒரு சின்ன வில்லையில் அடங்கிவிடுகிறது.
3. எவ்வளவு சேர்கிறது என்பதை ரத்தத்தில் அளந்து, அதற்கேற்ப அளவை வகுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்ற எச்சரிக்கை, 2018இல் ஒப்புதல் பெற்ற மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிடப்பட்டது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனி அளவு வகுத்ததும் இந்த எச்சரிக்கையின் நீட்சிதான்.

## 8. செமாக்ளூடைட்டுக்குக் கணக்குப் போடுவோம்

நீரிழிவுக்கு வாரம் 1 மி.கி. ஊசி போடுகிறவருக்கு, 89 சதவீதக் கணக்கில், ரத்தத்தில் சேர்வது சுமார் 0.9 மி.கி. இதே அளவை நாக்கடியில் கொண்டுவர வேண்டும். டெஸ்மோப்ரெசினைப்போல நான்கு மடங்கு கனமான மூலக்கூறுக்கும் அதே 0.25 சதவீதம் கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஏறத்தாழ 360 மி.கி. வேண்டும், நாளுக்கு 50 மி.கி.க்கு மேல். பங்கு இன்னும் பத்து மடங்கு குறைந்தால் நாளுக்கு அரை கிராம். ஃபிலிமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். விளம்பரத்தில் வரும் ஃபிலிமில் 1 அல்லது 2 மி.கி. என்று எழுதியிருந்தால், அதே கணக்கில் ரத்தத்துக்குப் போவது எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

"விழுங்கும் செமாக்ளூடைட் மாத்திரை இருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ரைபெல்சஸ் என்ற பெயரில் எஃப்.டி.ஏ. 2019 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவிலும் 2022இல் வந்துவிட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், நாக்கடி ஃபிலிமின் நிலை இன்னும் மோசமாகத் தெரியும்.

அந்த மாத்திரையில் செமாக்ளூடைட்டோடு 300 மி.கி. ஸ்நாக் என்ற துணைப்பொருள் இருக்கிறது. மாத்திரை இரைப்பைச் சுவரில் படிந்து கரையும்போது, தன்னைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தில் அது அமிலத்தைத் தணிக்கிறது; பெப்சின் அங்கே மந்தமாகிறது; சுவரின் செல்களுக்குள் மருந்து நுழைய வழி செய்கிறது. வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் சேரும் பங்கு 0.4 முதல் 1 சதவீதம்தான். அதனால்தான் ஊசியில் வாரம் 1 மி.கி. தரும் இடத்தில் மாத்திரையில் நாள் ஒன்றுக்கு 14 மி.கி., வாரத்துக்கு 98 மி.கி.

இங்கே செமாக்ளூடைட்டுக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. உடலில் அது பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் கூடுதலாகவும் சேர்ந்தாலும், வாரக் கணக்கில் மேடு பள்ளம் சமமாகிவிடும். இன்சுலினுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஸ்நாக்கை ஃபிலிமில் சேர்த்தால் என்ன? 300 மி.கி. ஃபிலிமில் அடங்காது. அடங்கினாலும், அது வேலை செய்வது இரைப்பையின் ஒற்றை அடுக்குச் செல்களில்; வாயிலோ பல அடுக்குக் கூரை.

எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற செமாக்ளூடைட் வடிவங்கள் ஊசியும் விழுங்கும் மாத்திரையும் மட்டுமே. இந்த மருந்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு நாக்கடி வழி தெரியாமல் போயிருக்காது.

## 9. இன்சுலினும் ஒவ்வாமை மாத்திரையும்

கனடாவின் ஜெனரெக்ஸ் நிறுவனம் கன்னத்தின் உட்புறம் தெளிக்கும் இன்சுலின் ஸ்ப்ரே ஒன்றை உருவாக்கியது. எக்வடாரில் 2005இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க ஒப்புதல் கடைசிவரை கிடைக்கவில்லை. தங்க நுண்துகள்களில் இன்சுலினை ஏற்றி வாய் ஃபிலிமாக்கும் முயற்சியும் நடந்தது. அதுவும் சந்தைக்கு வரவில்லை. இன்சுலினில் சிக்கல் அளவு மட்டுமல்ல. கொஞ்சம் கூடினால் சர்க்கரை இறங்கி மயக்கம், கொஞ்சம் குறைந்தால் சர்க்கரை ஏற்றம். நாளுக்கு நாள் மாறும் சேரும் பங்கு இந்த மருந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

இதற்கு எதிர்வாதமாக ஒவ்வாமை மாத்திரையைச் சொல்வார்கள். புல் மகரந்தத்துக்கான நாக்கடி மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் 2014இலும், வீட்டுத் தூசுப் பூச்சிக்கான மாத்திரைக்கு 2017இலும் ஒப்புதல் கிடைத்தது. அவற்றில் இருப்பவை இன்சுலினைவிடப் பெரிய புரதங்கள். அவை எப்படி வேலை செய்கின்றன? அவை ரத்தத்துக்குப் போகவே வேண்டியதில்லை. சவ்வுக்குள்ளேயே காவல் இருக்கும் நோயெதிர்ப்பு செல்கள் அவற்றைப் பிடித்துப் பழகிக்கொண்டால் போதும். மூளையிலும் கணையத்திலும் போய் வேலை செய்ய வேண்டிய எடை குறைப்பு மருந்துக்கு இது முன்னுதாரணம் ஆகாது.

## 10. பி.பி.சி-157 வகையறா

இவற்றின் கதை வேறு. செமாக்ளூடைட் மனிதர்களில் வேலை செய்யும் என்பது உறுதி. கேள்வி வழியைப் பற்றியது மட்டுமே. பி.பி.சி-157 போன்றவற்றில் மருந்தே இன்னும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் எலிகளில் நடந்தவை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2022 முதல் அதைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. எஃப்.டி.ஏ.வும் 2023இல், மருந்தகங்களில் கலந்து தயாரிக்கும்போது பாதுகாப்புச் சிக்கல் எழுப்பக்கூடிய பொருள்களின் வரிசையில் அதைச் சேர்த்தது. நிரூபணமாகாத மருந்தை, சேருமா என்று தெரியாத வழியில் கொடுத்துவிட்டு, "பயனர்களுக்கு நன்றாக இருக்கிறதாம்" என்று சொன்னால் அதில் பிடித்துப் பேச ஒன்றுமில்லை.

## 11. வழி முழுக்க அடைபட்டதா?

இல்லை. ஸ்விட்சர்லாந்தின் இ.டி.ஹெச். ஜூரிச் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு முயற்சி கவனிக்கத்தக்கது. ஆக்டோபஸின் உறிஞ்சிகளைப் பார்த்து, கன்னத்தின் உட்புறம் ஒட்டும் சிறு குமிழ் ஒன்றைச் செய்தார்கள். விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு சவ்வை இழுத்து நீட்டி மெலிதாக்கும். குமிழுக்குள் இருக்கும் மருந்தும், சவ்வைத் தளர்த்தும் துணைப்பொருளும் எச்சில் படாமல் அங்கேயே நிற்கும். நாய்களில் டெஸ்மோப்ரெசின் வழக்கமான மாத்திரையைவிடப் பல மடங்கு சேர்ந்தது. நாற்பது தன்னார்வலர்கள் குமிழை வாயில் அணிந்தும் பார்த்தார்கள், மருந்து இல்லாமல்.

கவனித்தால், மேலே சொன்ன தடைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வடிவமைப்பு அது: எச்சிலைத் தடுக்கிறது, இடத்தில் பிடித்து வைக்கிறது, கூரையைத் தளர்த்துகிறது. சும்மா கரையும் ஃபிலிம் இவற்றில் எதையும் செய்வதில்லை.

## 12. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. மனிதர்களில், இந்தக் குறிப்பிட்ட ஃபிலிமை வைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்தார்களா? "செமாக்ளூடைட் வேலை செய்கிறது" என்ற ஊசி ஆய்வைக் காட்டினால் அது பதில் இல்லை. எச்சிலில் எத்தனை நொடியில் கரைந்தது என்ற ஆய்வும் பதில் இல்லை.
2. சேரும் பங்கு எவ்வளவு? எண்ணாகச் சொல்ல வேண்டும். "அதிகம்", "விரைவு" என்பவை எண்கள் அல்ல.
3. ஒருவருக்கும் மற்றவருக்கும் எவ்வளவு மாறியது?
4. உறையில் எந்த உரிம எண் இருக்கிறது? இந்தியாவில் மருந்தாகத் தயாராகும் பொருளில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். அதற்குப் பதில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால் அது உணவுப்பொருளாக விற்கப்படுகிறது. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்சுலினோ செமாக்ளூடைட் ஊசியோ போட்டுக்கொண்டிருந்த நீரிழிவு நோயாளி ஒருவர், ஃபிலிமை நம்பி ஊசியை நிறுத்தினால், சர்க்கரை ஏறுவது உடனே தெரியாது. இன்சுலினை நிறுத்துபவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மருத்துவரிடம் கேட்காமல் ஊசியை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே இப்படி ஒன்றை எடுத்து உடம்புக்கு ஆகாமல் போயிருந்தால், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் தெரிவிக்கலாம். ஃபிலிமின் உறையைத் தூக்கி எறியாமல் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால், தொகுதி எண்ணைச் சொல்ல வசதியாக இருக்கும்.